மஞ்சள் தண்டுவடத்தைச் சென்று சேருமா?

‘நடக்க முடியாதவர்களை மஞ்சள் நடக்க வைக்கும்: ஆய்வில் உறுதி!’

இப்படி ஒரு செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு என்றாவது வந்திருக்கும். மஞ்சளுக்குப் பதிலாக வல்லாரை, பச்சைத் தேயிலை, வெங்காயம், ஜின்செங் என்று பெயர் மாறியிருக்கலாம். இந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், இதில் பாதி உண்மை. ஆய்வு நடந்தது உண்மை. தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைக் கொடுத்ததும், காயம்பட்ட தண்டுவடம் ஓரளவு தேறியதும் உண்மை. பகிரப்படும்போது ஒரே ஒரு சொல் மட்டும் வழியில் தவறிவிடுகிறது. அந்தச் சொல் ‘எலி’.

எலியில் நடந்தது மனிதரில் ஏன் இன்னும் நடக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வேதியியல், உயிரியல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம் எல்லாம் வந்து சேரும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தண்டுவடக் காயத்தோடு வாழ்வோர் உலகில் 1 கோடியே 50 லட்சம் பேருக்கும் மேல். மலேசியாவில் இக்காயத்திற்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. அதிலும் மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞர்களே அதிகம். நேற்றுவரை காற்பந்து விளையாடிய மகன் இன்று படுக்கையில் கிடக்கிறான் என்றால், அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் எந்தச் செய்தியையும் நம்பத் தயாராக இருப்பார்கள். கடன் வாங்கியாவது எந்தக் குப்பியையும் வாங்குவார்கள். அதனால்தான் இந்தப் பாதி உண்மையைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு முறை காயப்படும் உறுப்பு

முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றல்ல. முதுகெலும்பு வெளியே இருக்கும் எலும்புக் கூடு. அதன் நடுவே ஓடும் மென்மையான நரம்புக் கற்றைதான் தண்டுவடம். பெரியவர்களுக்கு அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். தடிமன் நம் சுண்டுவிரல் அளவுதான். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் செல்கின்றன. காலை அசை என்று மூளை இடும் கட்டளையும், காலில் முள் குத்தியது என்று உடல் அனுப்பும் சேதியும் இந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். வேறு வழி இல்லை.

இக்காயத்தைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்பு எகிப்தில் கிடைத்தது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சுருள் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. கழுத்தெலும்பு இடம் பெயர்ந்து, கை கால் உணர்விழந்த நோயாளியை அது துல்லியமாக விவரிக்கிறது. மருத்துவம் செய்ய இயலாத நோய் என்பதே அதை எழுதியவரின் முடிவு. அதன் பிறகு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த முடிவு பெரிதாக மாறவில்லை.

மாற்றத்தின் முதல் அறிகுறி 1911-இல் தெரிந்தது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன், குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து நாய்களின் தண்டுவடத்தின் மீது விழச் செய்து, ஒரே அளவான காயத்தை உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கிறது. இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இதை அப்படியே அனுமதிக்கமாட்டா. ஆனால் அவர் கண்டது முக்கியமானது. அடிபட்ட சிறிது நேரத்தில் தண்டுவடத்தைக் கீறி, உள்ளே தேங்கிய இரத்தத்தையும் கழிவையும் வெளியேற்றினால் அந்த விலங்குகள் கூடுதலாகத் தேறின. அப்படியென்றால், எல்லாச் சேதமும் அடி விழுந்த நொடியிலேயே முடிந்துவிடவில்லை. பிறகும் ஏதோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு திசுவைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆலன் 1918-இல் முதல் உலகப் போரில் உயிரிழந்தார். அவர் தொட்ட நூலைப் பற்றிக்கொண்டு பின்னால் வந்தவர்கள் அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று தேடினார்கள்.

இன்று அதை இரண்டாம் நிலைக் காயம் என்கிறோம். நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை நசுக்குவது முதல் காயம். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து நடப்பது மணிக்கணக்கில், நாள் கணக்கில், வாரக்கணக்கில் நீளும். உடைந்த நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. இயல்பான அளவில் அது ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் சேதி சொல்லும் தூதர். அளவு மீறினால் அடுத்த நரம்பணுவின் கதவுகளை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்து கால்சியம் வெள்ளமாக உள்ளே புகுகிறது. அணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியா திணறி, ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் துகள்களைக் கக்குகிறது. இவை இணை சேராத எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறுகள். பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்காமல் ஓயமாட்டா.

நரம்புத் திசுவில் கொழுப்பு மிக அதிகம். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையே பெரும்பாலும் கொழுப்புதான். ஃப்ரீ ரேடிக்கல்கள் அந்தக் கொழுப்பைத் தாக்குகின்றன. தாக்கப்பட்ட கொழுப்பு மூலக்கூறு தானே ஒரு ரேடிக்கலாக மாறி அடுத்ததைத் தாக்குகிறது. சமையலறையில் நெடுநாள் கிடந்த எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? அதே வேதிவினைதான் இங்கும் நடக்கிறது. நடக்கும் இடம் மட்டும் மனிதனின் முதுகு. இதற்கிடையில் நோய்த்தடுப்பு அணுக்கள் படையெடுத்து வருகின்றன. குப்பையை அகற்றத்தான் வருகின்றன. ஆனால் வந்த வேகத்தில் நல்ல திசுவையும் சேர்த்தே சேதப்படுத்துகின்றன. இதுதான் அழற்சி. கடைசியில் காயத்தைச் சுற்றித் தழும்பு எழும்புகிறது, நடுவில் நீர் நிறைந்த குழி மிஞ்சுகிறது.

விபத்து நடந்த இடத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கக்கூடாது, தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றக்கூடாது என்று செம்பிறைச் சங்கப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உடைந்த எலும்பு கொஞ்சம் நகர்ந்தாலும் முதல் காயமே இன்னொரு முறை நிகழ்ந்துவிடும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரை அசைக்காமல் 999-ஐ (சிங்கப்பூரில் 995) அழைப்பதுதான் நாம் செய்யக்கூடியது. இன்றைய நிலையில் எந்த மூலிகையையும்விட இது நிச்சயமாகப் பயன் தரும்.

மருந்தைத் தேடிய வழி

முதல் காயத்தை யாராலும் பின்னோக்கித் திருப்ப முடியாது. இரண்டாம் காயத்தை நிறுத்த முடியுமா? 1990-இல் முடியும் என்று தோன்றியது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, அடிபட்ட 8 மணி நேரத்திற்குள் அதிக அளவில் செலுத்தினால் நோயாளிகள் சற்றுக் கூடுதலாகத் தேறுகிறார்கள் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று அறிவித்தது. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தையும் அழற்சியையும் அது தடுக்கும் என்பதே எதிர்பார்ப்பு. உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பலன் மிகச் சிறியது, சந்தேகத்திற்குரியது என்று தெரிந்தது. தொற்றும் வயிற்று இரத்தக் கசிவும் கூடின. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி நெறி அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் தாவரங்கள் மீது கவனம் திரும்பியது. இதில் தர்க்கம் இருக்கிறது. தாவரத்தால் ஓட முடியாது. பூச்சி கடித்தாலும், பூஞ்சை பிடித்தாலும், வெயில் சுட்டாலும் நின்ற இடத்திலேயே வேதிப்பொருள்களைத் தயாரித்துத்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பல ஃப்ரீ ரேடிக்கல்களுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அடக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். வெங்காயத்தில் குவெர்செட்டின், திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையில் ஈஜிசிஜி எனப் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். இருந்தாலும் நாம் மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த பொருள், ஆய்வுகளும் அதிகம்.

மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்குமின் 1815-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல் தெரிந்தது. அழற்சியைத் தொடங்கி வைக்கும் மரபணுக்களுக்கு விசை போல இயங்கும் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் நம் அணுக்களில் உண்டு. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்க்கும் அணுக்களில் குர்குமின் அந்த விசையை அடக்குகிறது. தண்டுவடம் காயப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்புச் சிதைவு குறைந்தது, நோய்த்தடுப்பு அணுக்களின் வரவு குறைந்தது, பின்னங்கால் அசைவு கூடியது என்று பல ஆய்வுக் குழுக்கள் எழுதியுள்ளன.

‘அசைவு கூடியது’ என்பதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாசோ, பீட்டி, பிரெஸ்னஹான் ஆகிய மூவர் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. மூவரின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து பிபிபி அளவுகோல் என்பார்கள். எலியைத் திறந்த வட்டத் தொட்டியில் 4 நிமிடம் விட்டு, இருவர் உட்கார்ந்து பார்த்து 0 முதல் 21 வரை புள்ளி போடுவார்கள். பின்னங்கால் அசையவே இல்லை என்றால் 0. இயல்பாக நடந்தால் 21. எந்த எலிக்கு மருந்து கொடுத்தார்கள் என்பது புள்ளி போடுபவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் தன்னையறியாமல் ஒரு புள்ளியைக் கூட்டிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்படாமல் ஒரு பகுதி மட்டும் நசுங்கிய எலி, எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் ஓரளவு நடக்கத் தொடங்கிவிடும். நடையை இயக்கும் நரம்புச் சுற்று எலியில் பெரும்பாலும் தண்டுவடத்திலேயே இருப்பதால், கொஞ்சம் இழை மிஞ்சினாலும் அதற்குப் போதும். மனிதர்கள் மூளையின் கட்டளையை அதைவிட அதிகம் சார்ந்திருக்கிறார்கள். எனவே ‘எலி நடந்தது’ என்பது செய்தியே அல்ல. மருந்து கொடுக்காத எலியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக நடந்தது என்பதே செய்தி. அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிதான் நினைவுக்கு வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பல எலி ஆய்வுகளில் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் குர்குமின். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 12 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆக, 12 கிராம் குர்குமினுக்கு 400 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு நாளைக்கு!

நியாயமாகச் சொன்னால், அப்படி நேரடியாகப் பெருக்கக்கூடாது. சிறிய விலங்குகளின் உடல் மருந்தை வேகமாகச் செலவழித்துவிடும். அதனால் எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது 6.2 ஆல் வகுப்பது வழக்கம். வகுத்தால் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான குர்குமின், அதாவது சுமார் 65 கிராம் மஞ்சள் தூள். ஒரு தேக்கரண்டியில் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் இருபதுக்கும் மேற்பட்ட தேக்கரண்டிகள். படுக்கப் போகும் முன் அம்மா கொடுக்கும் மஞ்சள் பாலில் இருப்பது ஒரு கால் கரண்டி.

அளவை எப்படியோ சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடை வழி. எலிகளுக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள் ஊசி வழியே செலுத்துகிறார்கள். நாம் வாயால் சாப்பிடுகிறோம். குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாகக் கரையும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் இன்னொன்றில் சமையல் எண்ணெயும் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் தூள் அடியில் படியும். எண்ணெயோ நிறம் பிடித்துக்கொள்ளும். குடலைத் தாண்டிச் செல்லும் கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் சேர்ந்து, சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறை ஒட்டி, வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு அது நிலையற்ற மூலக்கூறும்கூட. இரத்தத்தின் பிஎச் அளவை ஒத்த கரைசலில், உடல் வெப்பநிலையில், அரை மணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைந்துவிட்டது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரத்தப் புரதங்கள் உடனிருந்தால் சிதைவு மெதுவாகும் என்பது ஓர் ஆறுதல்.

‘மிளகு சேர்த்தால் சரியாகிவிடும்’ என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அதற்கும் ஆதாரம் உண்டு. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. கல்லீரல் அதை வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தாமதப்படுத்துவதே காரணம். எங்கும் மேற்கோள் காட்டப்படும் முடிவு இது. ஆனால் 20 மடங்கு என்பது எதிலிருந்து? பைப்பரின் இல்லாதபோது இரத்தத்தில் இருந்த அளவு கண்டறிய முடியாத அளவுக்குச் சிறியது. பத்து சென் 20 மடங்கானால் 2 ரிங்கிட்தான். அதை வைத்து வீடு வாங்க முடியாது. மேலும், கல்லீரலின் வேலையைத் தடுக்கும் பொருள் குர்குமினுக்கு மட்டும் வழிவிடாது. நோயாளி உட்கொள்ளும் வேறு மருந்துகளும் உடலில் தேங்கக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட சம்பவங்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியுள்ளன. குழம்பில் போடும் மஞ்சளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மூன்றாவது தடை நேரம். ஆய்வுக்கூடத்தில் அடிபட்ட சில நிமிடங்களில், சில ஆய்வுகளில் அடிபடும் முன்பே, மருந்து செலுத்தப்படுகிறது. நெடுஞ்சாலையில் விழுந்தவர் ஆம்புலன்சில் ஏறி, மருத்துவமனை சேர்ந்து, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் மணிக்கணக்காகிவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அடிபட்டவருக்கோ இரண்டாம் நிலைக் காயம் எப்போதோ ஓய்ந்து, தழும்பாகிவிட்டது. எரியும் வீட்டை அணைக்கும் தண்ணீர், எரிந்து முடிந்த வீட்டைக் கட்டித் தராது. வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் சென்று சேர்வது இந்த இரண்டாமவரின் வீட்டுக்குத்தான்.

2017-இல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’ என்ற ஆய்விதழில் வேதியியலாளர்கள் குழு ஒன்று குர்குமினைப் பற்றிய சான்றுகளையெல்லாம் அலசியது. பல்வேறு நோய்களுக்காக 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும், மருந்து எது, போலி மாத்திரை எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்றது. இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. குர்குமின் தானே ஒளிரும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும். எனவே சில ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது வேலை செய்வதுபோல் தோன்றுவது, அது சோதனையையே ஏமாற்றுவதால் இருக்கலாம். இது கடுமையான தீர்ப்பு என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த அலசல் நியாயமாகவே படுகிறது.

வல்லாரையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமில் பச்சையாகவே சாப்பிடும் அதே கீரைதான். அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம் இரண்டும் தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் ஆக்சிஜனேற்றத்தையும் அழற்சியையும் குறைத்தன. தோல் தழும்புக்கான களிம்புகளில் வல்லாரைச் சாறு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் தோல் தழும்பை உருவாக்கும் அணுக்கள் வேறு, தண்டுவடத் தழும்பை உருவாக்கும் அணுக்கள் வேறு. அளவு, வழி, நேரம் என்ற அதே மூன்று தடைகள் இதற்கும் உண்டு.

ஒரு மரப்பட்டையின் கதை

அப்படியானால் தாவரங்களை விட்டுவிடலாமா? வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நம் சமையலறையில் இல்லை. 1962-இல் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை, அரசாங்கத்தின் தாவரவியலாளர் ஒருவர் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்து தேடி ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சோதித்த திட்டம் அது. மன்ரோ வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் பட்டையிலிருந்து டாக்சால் என்ற பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது என்ன செய்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். நம் அணுக்களுக்குள் நுண்குழல்கள் என்ற புரதக் குழாய்கள் உண்டு. கட்டடத்திற்குச் சாரம் கட்டுவதுபோல் அவை கட்டப்படும், பிரிக்கப்படும். டாக்சால் அந்தச் சாரத்தைப் பிரிய விடாமல் இறுக்கிவிடுகிறது. பிரிந்து பெருக முடியாமல் புற்றணு சாகிறது. 1992-இல் அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தானது. பட்டையைச் சேகரித்த நாளிலிருந்து எண்ணினால் 30 ஆண்டுகள்.

இதற்கும் தண்டுவடத்திற்கும் என்ன தொடர்பு? அறுந்த நரம்பிழையின் நுனி தண்டுவடத்திற்குள் வளராமல் குமிழ்போல் உப்பி நின்றுவிடும். நூறாண்டுக்கு முன்பே ஸ்பெயின் அறிவியலாளர் ரமோன் இ கஹால் அதை நுண்நோக்கியில் பார்த்து வரைந்திருக்கிறார். அந்தக் குமிழுக்குள் பார்த்தால் நுண்குழல்கள் கலைந்து கிடக்கின்றன. சாரம் சரிந்ததால் கட்டடம் நின்றுவிட்டது. அப்படியானால் சாரத்தை இறுக்கும் மருந்தைக் கொடுத்தால்? ஜெர்மனியில் ஃபிராங்க் பிராட்கேயின் குழு அதைத்தான் செய்தது. எலிகளின் தண்டுவடத்தின் மீதே ஒரு குட்டிப் பம்பு வழியாக நானோகிராம் அளவில் டாக்சாலைச் சொட்டவிட்டார்கள். தழும்பு குறைந்தது, இழைகள் வளர்ந்தன, எலிகள் கூடுதலாக நடந்தன என்று 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

புற்றுநோயாளிக்கு ஒரு முறை கொடுக்கும் டாக்சால் 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். அந்த அளவில் அது கை கால் நரம்புகளையே பாதித்து மரத்துப்போகச் செய்யும். நானோகிராமில் நரம்பை வளர்க்கும் பொருள் மில்லிகிராமில் நரம்பைக் கெடுக்கிறது! ‘இயற்கையானது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று யாராவது சொன்னால் இந்த மரப்பட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பிறகு, 2014-இல் அமெரிக்காவில் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தது. முடிவுகளில் ஒரு பகுதி மட்டுமே மீண்டும் கிடைத்தது. இதில் யாரும் ஏமாற்றியதாகப் பொருளில்லை. வேறு கைகள், வேறு எலிகள், காயத்தின் ஆழத்தில் மயிரிழை வேறுபாடு. இவற்றைத் தாண்டியும் நிலைக்கும் முடிவுதான் மருந்தாகும் தகுதி பெறும். தண்டுவடத் துறையில் இப்படித் திரும்பச் செய்து பார்க்கவென்றே அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில் ஒரு திட்டம் நடந்தது. அதில் சோதித்த சிகிச்சைகளில் பெரும்பாலானவை முதலில் காட்டிய பலனை முழுதாகக் காட்டவில்லை.

டாக்சாலுக்கு இன்னொரு குறை. இரத்தத்தில் செலுத்தினால் அது மூளையையும் தண்டுவடத்தையும் காக்கும் தடுப்பைக் கடந்து உள்ளே போகாது. அதனால் பிராட்கே குழு, அதே வேலையைச் செய்து அந்தத் தடுப்பையும் கடக்கக்கூடிய எப்போதிலோன் என்ற பொருளுக்கு மாறி, 2015-இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. எப்போதிலோன் கிடைப்பது மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து. மரப்பட்டை ஒரு யோசனையைக் கொடுத்தது. மருந்தைத் தேடி மண்ணுக்குப் போனார்கள். தாவரப் பொருள்கள் ஆராய்ச்சிக்கு உதவும் விதம் பெரும்பாலும் இதுதான்.

குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

மலேசியாவில் 1956-ஆம் ஆண்டிலிருந்தே மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யும்போது, இன்னின்ன நோயைக் குணமாக்கும் என்று சொல்லவே கூடாது என அது ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றோடு உடல் செயலிழப்பும் அதில் உண்டு. சிங்கப்பூரிலும் இதுபோன்ற தடை இருக்கிறது. ஆகவே பசார் மாலாமில் ஒருவர், செயலிழந்த காலை எழுப்பும் மூலிகை எண்ணெய் என்று ஒலிபெருக்கியில் கூவினால், அந்த எண்ணெயைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் அந்த விளம்பரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குப்பியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவெண் இருந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றது. தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். தண்டுவடத்தைக் குணப்படுத்தும் என்று மனிதச் சோதனையில் நிரூபித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தண்டுவடக் காயமுற்றவர்களில் பலர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள். செறிவான குர்குமின் மாத்திரை அவர்களுக்கு இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பதால், எதைத் தொடங்கினாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மனிதர்களிடம் எதுவுமே சோதிக்கப்படவில்லையா என்றால், கொஞ்சம் நடந்திருக்கிறது. கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் அலிசன், டிட்டோர் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடக் காயத்தோடு வாழும் 20 பேரை வைத்து 12 வாரச் சோதனை நடத்தி 2015-இலும் 2016-இலும் முடிவுகளை எழுதினார்கள். ஒரு குழுவினர் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு அழற்சியைக் குறைக்கும் உணவு முறை. அதோடு ஒமேகா-3, குர்குமின் உள்ளிட்ட சில துணை மாத்திரைகள். உணவு மாறியவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, நரம்பு வலியும் ஓரளவு தணிந்தது. இருபதே பேர். தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது சாப்பிடுபவர்களுக்குத் தெரியும். பலன் மீனெண்ணெயாலா, குர்குமினாலா, விட்டுவிட்ட உணவாலா என்றும் பிரித்துச் சொல்ல வழியில்லை. சக்கர நாற்காலியிலிருந்து யாரும் எழுந்து நடக்கவில்லை. அவர்கள் அதைச் சோதிக்கவும் இல்லை. வருடக்கணக்காக எரிச்சலோடு தூங்கப் போகும் ஒருவருக்கு அந்த வலியைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். அடுத்து, அதையே இன்னும் அதிகம் பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.